குண்டெழுத்தில் ஒரு பெயர்

அன்று காலை மூன்று பெண்கள் எங்கள் வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை.

தெரு முனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். நடை ஏறும்போது ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எய்யா, எங்களை விட்டுப் போயிட்டியே" என்று தொடங்கினாள். நான் வாளியும் கையுமாக முற்றம் தெளித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்து வருஷம் திரும்பவில்லை. யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் போய் நிற்பதுதான் என் வழக்கம். அன்று ஒதுங்க இடமில்லாமல், "வாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டில் யாரையும் 'வாருங்க' என்று சொல்லமாட்டார்கள். வந்தவர்களும் 'போயிட்டு வாறோம்' என்று சொல்லிக்கொள்ளமாட்டார்கள். வருவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், எழுந்து போய்விடுவார்கள். அதுதான் மரியாதை.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றாள் மூத்தவள். "கொழுந்தன் செத்துக் கிடக்கான், வாருங்கன்னு கூப்பிடுதியா?"

"சாகல்ல" என்றேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"பின்ன சபைக் கோவில் செவத்துல ஒட்டியிருக்கே, அது என்னது?"

அந்தப் பேச்சைக் கேட்டு உள்ளேயிருந்து என் மாமியார் வந்தார். வந்தவர் அவர்களுடைய அவிழ்ந்த கூந்தலைப் பார்த்தார். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

முன்னால் பிரஸ், பின்னால் வீடு

நான் நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்ட கதையைப் போன வாரம் சொன்னேன். வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முன்னறைகள் இரண்டும் அச்சுக்கூடம். பின்பக்கம்தான் அடுக்களையும் படுக்கையும். குழம்பு தாளித்தால் அந்த வாசனை முன்னால் போகும். மண்ணெண்ணெய் வாசனை பின்னால் வரும். என் கல்யாணப் புடவைகளில்கூட அந்த வாசனை ஏறிவிட்டது.

மாமனார் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி செல்லையன், நான், இவ்வளவு பேர்தான்.

செல்லையன் எனக்குக் கொழுந்தனார் முறை. ஆனால் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் பேச்சும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளையை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எடுக்கவில்லை. எழுத்துகளைத் தினமும் கையில் எடுப்பார். படிக்க மட்டும் தெரியாது.

பிரஸ்ஸில் மை போடுவது அவர் வேலை. ரோலரை எழுத்தின் மேல் அவர் உருட்டுவதைப் பார்த்தால், காய்ச்சல் வந்த பிள்ளைக்கு நெற்றியில் பற்றுப் போடுகிற மாதிரி இருக்கும். அத்தனை மெதுவு. கடைசியில் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். எங்கேயாவது வெளிறியிருந்தால் நாக்கைச் சொட்டுவார். அந்தச் சத்தம் மட்டும் அவரிடம் உண்டு.

குண்டெழுத்து

எங்களிடம் இரண்டு வகை எழுத்து இருந்தது. ஒன்று ஈய எழுத்து. ஒல்லியாக, நேராக, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரிசையாக உட்கார்ந்த சபையார் மாதிரி இருக்கும். சபை அறிக்கை, கல்யாணக் கடிதம், அடக்க நோட்டீஸ் எல்லாம் அதில்தான்.

இன்னொன்று மரத்தில் செதுக்கியது. என் வீட்டுக்காரர் திருநெல்வேலியில் மூடிப்போன ஒரு அச்சுக்கூடத்திலிருந்து வாங்கி, வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். எல்லாவற்றுக்கும் தொந்தி. ஊரில் அதைக் குண்டெழுத்து என்றுதான் சொன்னார்கள்.

அந்த எழுத்துகள் ஒன்றுபோல் நிற்காது. ஒன்று குனியும், ஒன்று எக்கும். 'ண' என்பது கல்யாண வீட்டில் மூன்று பந்தி சாப்பிட்டுவிட்டுச் சம்மணம் போட்டவள் மாதிரி இருக்கும். 'ழ' தண்ணீரில் கால் விட்டுப் பார்க்கும். மெய்யெழுத்தின் புள்ளி கொட்டைப்பாக்கு அளவு. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'லை'. இப்போது எழுதுகிற மாதிரி இல்லை. அந்தக் காலத்து 'லை' முன்னால் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அது. குண்டெழுத்தில் அது அசல் யானைக்குட்டி.

கொழுந்தனாருக்கும் அதுதான் பிரியம். அவருடைய பெயரில் அந்த எழுத்து வருகிறது என்று அண்ணன் எப்போதோ காட்டிக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து, 'நான்' என்று சொல்ல வேண்டுமானால் வலது கையை மூக்கருகில் வைத்துத் தும்பிக்கை மாதிரி ஆட்டுவார்.

நாடகக் கம்பெனி, சர்க்கஸ், மாயாஜாலம், சோடாக் கடை, கூந்தல் தைலம் எல்லாம் குண்டெழுத்தைத் தேடி வந்தன. ஒரு வைத்தியர் பேதி மருந்துக்கு நோட்டீஸ் போட்டார். அந்த எழுத்தில் பேதியும் பெரிய விருந்து மாதிரி தெரிந்தது. தெருவில் நின்று சிரித்தவர்களெல்லாம் ஒரு பொட்டலம் வாங்கிப் போனார்களாம்.

சபைக்கு மட்டும் அது ஆகாது. ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு என் வீட்டுக்காரர் ஆசையாக அதில் அடித்துக்கொண்டு போனார். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது ஆட்டம் போடுத எழுத்துல்லா. ஆண்டவர் வீட்டுச் செவத்துல ஆடுனா நல்லா இருக்குமா ஓய்?" என்று கேட்டாராம். மாமியாருக்கும் அதே எண்ணம்தான். அவருக்கு அது கூத்து எழுத்து. அது கோத்திருக்கிற சட்டத்தைத் தாண்டும்போது சேலையை ஒதுக்கிக்கொண்டு போவார்.

பூதப்பாண்டித் தேர்

தை மாசம் பூதப்பாண்டியில் தேரோட்டம். நாங்கள் வேதக்காரர்கள்தான், ஆனாலும் தேர்க் கூட்டத்தில் நாடக நோட்டீஸ் ஒட்டாமல் பிழைக்க முடியுமா? அண்ணனும் தம்பியும் பசைச் சட்டியோடு போனார்கள்.

கொழுந்தனாருக்கு மேளம் என்றால் உயிர். காது கேட்காதவருக்கு மேளமா என்று நானும் கேட்டிருக்கிறேன். கிட்டே போய் நின்றால் நெஞ்சுக்குள் அடிக்கும் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கை வைத்து நிற்பார்.

என் வீட்டுக்காரர் ஒரு சுவரில் ஒட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது தம்பி இல்லை. பசைச் சட்டி மட்டும் இருந்தது.

பொழுது சாய்கிற வரை தேடினார். மறுநாள் அழகியபாண்டிபுரம் வரைக்கும் நடந்து கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத ஆள். யாராவது பிடித்துக் கேட்டால் ஊர் சொல்லத் தெரியாத ஆள். மேற்கே மலை, காடு, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர். ஒவ்வொன்றையும் நினைத்து மாமியார் எழுந்து எழுந்து உட்காருவார்.

துட்டிக்காரர்கள்

அதன்பிறகுதான் அந்த முதல் நோட்டீஸ் அடித்தது. தம்பி விஷயம், விளையாட்டில்லை என்று என் வீட்டுக்காரர் ஈய எழுத்தில் கோத்தார். மேலே செல்லையன் என்று பெயர். கீழே அடையாளம், விலாசம். பார்வையாக இருக்கட்டும் என்று சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு போட்டார்.

அந்தக் கோடுதான் கெடுத்தது. எங்கள் ஊரில் அடக்க நோட்டீஸ் அதே எழுத்தில், அதே கோட்டுக்குள்தான் வரும். பெயரைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள். மிச்சத்தைப் படிக்க யாருக்கு மனசு வரும்? தலையை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடித்தவருக்கும் தோன்றவில்லை, கூடவே இருந்து வரிக்கு வரி வாசித்துக் கொடுத்த எனக்கும் தோன்றவில்லை. கை பழகிய வேலையைக் கண் பார்ப்பதில்லை.

அந்த மூன்று பெண்களோடு நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ஒருவர் சவப்பெட்டிக்குப் பலகை வேணுமா என்று கேட்டார். நான் ஒவ்வொருத்தருக்காக, "சாகல்ல, காணல்ல" என்று சொல்லிச் சொல்லி, கல்யாணமாகி வந்ததிலிருந்து பேசாத பேச்சையெல்லாம் அன்று ஒரே நாளில் பேசினேன்.

எல்லோரும் போனபிறகு மாமியார் நேராகப் பிரஸ்ஸுக்குள் போனார்.

"ஏலே, அந்தக் கூத்து எழுத்தை எடு."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, அதுல எப்படி? ஊரு சிரிக்கும்லா?"

"சிரிக்கட்டும். சாவு எழுத்துல போட்டே, என் பிள்ளையைச் செத்தவனாக்கிட்டாவ. சிரிக்குதவன் நின்னு பாப்பாம்லா? பாக்கட்டும்."

"உபதேசியார் ஏதாவது..."

"அவரு பிள்ளையா காணாமப் போச்சு? எடுலே மக்கா."

குண்டெழுத்தில் ஒவ்வொன்றும் இரண்டோ மூன்றோதான் இருக்கும். 'லை' இரண்டே இரண்டு. 'காணவில்லை'யில் ஒன்று, 'செல்லைய'னில் ஒன்று, அதோடு தீர்ந்தது. அந்த இரண்டு சொல்லும் சுவர் அகலத்துக்கு வந்தது. காது கேளாது, வாய் பேசாது, விலாசம் எல்லாம் அடியில் ஈய எழுத்தில் ஒடுங்கி நின்றது.

மை போட ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ரோலரைப் பிடித்தேன். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் என்று மேற்கே போகிற பஸ் கண்டக்டர்களிடம் கட்டுக் கட்டாகக் கொடுத்து ஒட்டச் சொன்னோம்.

"நாடகம் எப்பம்?"

மாமியார் சொன்னபடியே ஆட்கள் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"நாடகம் எப்பம் ஓய்? டிக்கெட்டு இங்கேயே கிடைக்குமா?"

குண்டெழுத்தில் வந்தால் அது நாடகம். வேறென்னவாக இருக்கும்? 'காணவில்லை' என்று ஒரு புது நாடகம், அதில் செல்லையன் என்று ஒரு புது நடிகர். ஒருவர் என் வீட்டுக்காரரிடம் தணிந்த குரலில் கேட்டார்: "இந்தச் செல்லையன் ராஜபார்ட்டா, ஸ்திரீ பார்ட்டா?"

என் வீட்டுக்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலில் துட்டி, பிறகு டிக்கெட். காணாமல் போனவனைத் தேட எங்களிடம் ஒரு எழுத்து இல்லை என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்.

இதற்கிடையில் நிஜ நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் குண்டெழுத்தில் நோட்டீஸ் அடிக்க வந்தார். சட்டத்தில் கோத்ததைப் பிரித்தால்தானே எழுத்து கிடைக்கும்? மாமியார் அதன் முன்னால் போய் நின்றுகொண்டார். "அதைப் பிரிச்சா எம் பிள்ளை பேரைப் பிரிச்ச மாதிரி. யாரும் தொடப்பிடாது." தாண்டும்போது சேலையை ஒதுக்கியவர்தான். கம்பெனிக்காரர் வேறு பிரஸ்ஸுக்குப் போனார்.

பிறகு ஒருநாள் மத்தியானம், குலசேகரம் சந்தையில் சாயாக்கடை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். நடையில் நின்றே சத்தம் போட்டார்.

"ஓய், ஒங்க நாடகக் கம்பெனி ஆளை வந்து கூட்டிட்டுப் போவும்!"

"நாடகம் இல்லை" என்று என் வீட்டுக்காரர் பழகிய பதிலைச் சொல்லத் தொடங்கினார்.

"இல்லியா? பின்ன நோட்டீசுக்குக் காவல் என்னத்துக்கு? எங் கடைச் செவத்துல ஒட்டியிருக்கு. அதுக்க முன்னால ஒருத்தன் வந்து நின்னவன் நின்னவன்தான். போன்னு பறஞ்சா போகல்ல. ஆட்டுக்குட்டி பசையை நக்க வந்தா அடிச்சு வெரட்டுதான். கெழங்கும் சாயாவும் குடுத்தேன், தின்னுட்டு மறுபடியும் அங்கேயே நிக்கான். நீ யாருடேன்னு கையைக் காட்டிக் கேட்டா, மூக்குல கையை வச்சு..."

அவர் தன் கையை மூக்கருகில் வைத்து ஆட்டிக் காட்டினார்.

கதவுக்குப் பின்னால் நின்ற நான் வெளியே வந்துவிட்டேன். மாமியார் அடுக்களையிலிருந்து கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தார். சாயாக்கடைக்காரர் பயந்துபோய்க் கையை இறக்கிவிட்டார்.

குலசேகரம்

மூன்று பேரும் அவரோடே பஸ் ஏறினோம். "நீயும் வாட்டி" என்று மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வழியில் கேட்டதையும், பிறகு கொழுந்தனார் கையால் காட்டியதையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது இதுதான். தேர் முடிந்து மேளக்காரர்கள் வண்டி கட்டி மேற்கே வேறொரு கோயில் கொடைக்குப் போயிருக்கிறார்கள். இவர் மேளத்தின் பின்னாலேயே போய்விட்டார். அங்கேயும் முடிந்ததும் அவர்கள் ஒவ்வொரு பக்கமாகப் பிரிந்திருக்கிறார்கள். இவருக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அலைந்து அலைந்து சந்தைக்கு வந்தபோது, சுவரில் தான் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து வைக்கிற எழுத்துகள் நிற்கின்றன. அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான். அதனால் அங்கேயே நின்றுவிட்டார்.

நாங்கள் போய் இறங்கியபோது சந்தை நாள். நிஜமாகவே அவர் நோட்டீசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தாடி வளர்ந்து, மெலிந்து, கால் முழுக்கச் செம்மண்.

மாமியார் போய் முதலில் முதுகில் நாலு அடி வைத்தார். பிறகு கட்டிக்கொண்டார். சத்தமாக அழுதார். கூட்டம் கூடிவிட்டது. நாடகத்துக்காகக் காத்திருந்த கூட்டம் அல்லவா? பாக்குக் கூடையோடு நின்ற ஒருவர், "தொடங்கியாச்சா?" என்று கேட்டார்.

"சும்ம கெடயும் ஓய்" என்றார் சாயாக்கடைக்காரர். "அது அவனுக்க அம்மை."

கேட்டவர் தலைத்துண்டை எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள்.

கொழுந்தனார் அழவில்லை. அம்மாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அண்ணனின் சட்டையை இழுத்தார். சுவரில் 'வி' என்ற எழுத்தைக் காட்டினார். அதில் மை சரியாக ஏறவில்லை. தொந்தியில் ஒரு பக்கம் வெளிறிப்போய், அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. யார் செய்த வேலை இது என்று கையை விரித்துக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார்.

கொழுந்தனார் என்னைப் பார்த்து நாக்கைச் சொட்டினார். எனக்கு மாமியாரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. ஆனால் அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. இப்போது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மாமியார் வெந்நீர் வைக்கப் போனார். நான் சோறு வடிக்கப் போனேன். கொழுந்தனார் கால்கூடக் கழுவாமல் பிரஸ்ஸுக்குள் போய்விட்டார்.

'காணவில்லை செல்லையன்' இன்னும் சட்டத்திலேயே இறுகி நின்றது. அவர் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார். மையைக் கல்லில் பரப்பிக் குழைத்தார். ரோலரை அந்த மெதுவோடு உருட்டினார்.

"ஏலே, அதான் ஆள் வந்தாச்சே, இனி என்னத்துக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். கேட்காதவரிடம் சொல்லி என்ன? அவரே போய்க் காகிதத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு பிரதிதான் எடுத்தார்கள். கொழுந்தனார் அதை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஒரு எழுத்துகூட வெளிறவில்லை. நாக்கைச் சொட்டாமல் கொடியில் போட்டார். காணவில்லை என்று தன் பெயர் கன்னங்கரேலென்று காய்ந்துகொண்டிருக்க, அதற்குக் கீழே தோள்துண்டால் விசிறிக்கொண்டு நின்றார்.

நான் தட்டில் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோனேன். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முழங்கை வரை மை. மாமியார் தட்டை என் கையிலிருந்து வாங்கி, சோற்றைப் பிசைந்து, அந்த இருபத்தைந்து வயது ஆளின் வாயருகே கொண்டுபோனார். அவர் கண்ணைக் காகிதத்திலிருந்து எடுக்காமலே வாயைத் திறந்தார்.